அண்ணாந்து குடித்த தேநீர்

ஜப்பான், 1936 சித்திரை

ஆத்தாவுக்கு மகன் மணியன் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நெசவுப் பள்ளிக்கூடத்தார் எங்களைக் கியோட்டோவுக்குக் கூட்டிப்போய், அவர்கள் வழக்கப்படி தேநீர் விருந்தில் உட்கார வைத்தார்கள். ஒரே கிண்ணம் கை மாறி வந்தது. எல்லோரும் வாய் வைத்துக் குடித்தார்கள். ‘எச்சல் பண்ணாம அண்ணாந்து குடி சாமி’ என்பீர்களே, அந்தப் பழக்கத்தில் தூக்கி ஊற்றினேன். கூழ்போல் கெட்டியான தேநீர் மூக்கிலும் சட்டையிலும் இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை. விருந்து வைத்த வீட்டுக்கார அம்மாள் கிண்ணத்தைத் துடைத்து மறுபடி நீட்டினார். வாய் வைத்தே குடித்துவிட்டேன். படித்துச் சொல்லும் தங்கச்சி சௌந்திரம், இந்த இடத்தை நம் அய்யனுக்குப் படிக்காதே.

கொஞ்சம் புளி அனுப்புங்கள். என் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிடாதீர்கள், ஆத்தா. தினமும் நீங்கள் அதில் வாய் வைத்தே குடியுங்கள். வந்து நானும் அப்படியே குடிக்கிறேன்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது.

மணியன்