இரண்டு டிஸ்க்கிலும் இல்லாத அம்மா

வீட்டு இன்ஜினியர் ஐயாவுக்கு,

சாப்பாடு அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது. என் தம்பிக்கும் சேர்த்துத்தான், முழுவதையும் காலி செய்துவிடாதீர்கள்.

என்னைக் கட்டிக்கொள்ள ஒரே வாரத்தில் சரி சொன்னவர், வீட்டுப் படங்களைச் சேமிக்க ஒரு சர்வர் பெட்டியைத் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டீர்கள். "ரெண்டு டிஸ்க் போட்டிருக்கேன், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையடித்தீர்கள். நேற்று இடம் போதவில்லை என்று, படம் நிலையாக நில்லாமல் ஆடுகிற வீடியோக்களை எல்லாம் நீங்களே அழித்தீர்கள். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும் என்பது அந்த மூன்று மாத ஆராய்ச்சியில் தட்டுப்படவில்லை போலிருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

அவை கெட்டுப்போன வீடியோக்கள் இல்லை. கடைசி வருஷம் என் அம்மாவுக்குக் கை நடுங்கியது. அந்தக் கையால்தான், பேசிக்கொண்டே எடுத்தாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தம்பி வருகிறான், அம்மாவின் குரலைக் கேட்க. நான் வர எட்டாகும். அதற்குள் நடந்ததை நீங்களே அவனிடம் சொல்லுங்கள். "சிஸ்டம் ஏதோ பண்ணிடுச்சு" என்று அளக்க வேண்டாம்.

பி.கு.: "இதையெல்லாம் இன்னுமா வெச்சிருக்கே" என்று நீங்கள் சிரித்தீர்களே, அந்தப் பழைய பென் டிரைவில் அம்மா வீடியோ எல்லாமே இருக்கிறது. அது இப்போது என் கைப்பையில். மாமா என்ன சொன்னார் என்று தம்பியிடம் முதலில் கேட்பேன். பிறகுதான் பையைத் திறப்பேன்.