அக்காவின் கை

ஜூன் 17, செவ்வாய்

ரொம்ப நாளாக எனக்குக் கை வரைய வரவில்லை. முகம் வரும், சேலை மடிப்பு வரும். விரல்கள் மட்டும் ரப்பர் கையுறை மாதிரி உப்பி நிற்கும். நேற்று அக்கா முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் கையை வரைந்தேன். கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்த நகம், தோல் உரிந்த விரல் நுனி, எல்லாம் அப்படியே வந்துவிட்டது. சந்தோஷத்தில் ‘என் அக்காவின் கை’ என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை திருமயத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அவள் போட்டோவை அவர்களுக்கு அனுப்பியதே என் போனிலிருந்துதான். என் நம்பர் அவர்களிடம் இருப்பது எனக்கு உறைக்கவில்லை.

இன்று மத்தியானம் தரகர் அம்மாவைப் போனில் கூப்பிட்டார்.

“ஏம்மா, பொண்ணு கையில ஏதும் சீக்கா? தம்பி போட்ட படத்தப் பாத்துட்டு மாப்பிள்ளை வீட்ல கேக்குறாங்க.”

“சீக்கெல்லாம் இல்லங்க. கொட்ட ஒடைக்கிற கை அப்படித்தான் இருக்கும்.”

“பொண்ணு வீட்லதான் இருக்குன்னுல்ல சொன்னீங்க?”

வெள்ளிக்கிழமை வரமாட்டார்களாம்.

அவர்கள் வீட்டுக் கல்யாணப் பாயசத்தில் முந்திரி கிடக்காதா? பருப்பு வெள்ளையாக வேண்டும், அதை உடைத்த கை வேண்டாம். கத்தினேன். “நீ வாய மூடு” என்றாள் அம்மா.

அக்கா திட்டவே இல்லை. சோறு போடும்போது மெதுவாகச் சொன்னாள்: “கை நல்லாத்தான்டா வந்திருக்கு. கீழ ஏன் அக்கான்னு எழுதுன? எழுதாம விட்டிருந்தா யாரோ கைன்னு போயிருப்பாங்க.”

யாரோ கையாக இருந்திருந்தால் எனக்கு வரைய வந்தே இருக்காது.