தப்பியோடும் பாடம் எடுத்தவளுக்கு

இன்று காலை கிரான் வயல்வட்டையிலிருந்து நெல் வந்து இறங்கியது. வெறும் சாக்கொன்றை எடுத்து உதறினேன். அந்தத் தூசும் சணல் மணமும் மூக்கில் ஏறியதுதான் தாமதம், உன்மேல் கோபம் வந்துவிட்டது. தும்மித் தும்மித் திட்டினேன். போய்ச் சேர்ந்தவளைத் திட்டக்கூடாது என்கிறா எதிர்வீட்டு மாமி. அவ உன்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஊரெல்லாம் சண்டை. வாழைச்சேனைக்குப் போன பஸ் திரும்பி வருமா என்று தெரியாத நாட்கள். காலையில் வந்த பிள்ளைகளை அப்படியே வீட்டுக்கு அனுப்புவதே எங்கள் வாவிக்கரைப் பள்ளிக்கூடத்தின் பெரிய சாதனை. அந்த நேரத்தில் ஒன்பதாம் வகுப்புச் சரித்திரத்துக்கு நீ தேடி எடுத்த பாடம் என்ன? அமெரிக்காவில் அடிமைகள் தப்பியோடியது!

"ராசாக்கள் கட்டின குளங்களப் படிப்பிச்சா என்னகா? குளத்த ஆரும் புடிச்சிட்டுப் போகமாட்டாங்க" என்றேன்.

"குளம் எங்கயும் ஓடாது மச்சாள். புள்ளைகள் நித்திரை கொண்டிருவாங்க" என்றாய்.

பக்கத்து வகுப்பிலிருந்து நானும் வந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பகலில் சதுப்புக்குள் ஒளிந்ததையும், இரவில் வடக்கே தெரியும் வெள்ளி பார்த்து நடந்ததையும் நீ சொல்லச் சொல்ல, பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "டீச்சர், அவங்களிட்ட ஐசி இருந்ததா?"

"எசமான் எழுதிக் குடுத்த பாஸ் இல்லாம ரோட்டுல நடக்க ஏலா."

அடையாள அட்டை காட்டாமல் யாரும் ரோட்டில் போகமுடியாத ஊர். இதில் என்ன புதினம் என்பதுபோல வகுப்பே உன்னைப் பார்த்தது. அதோடு விட்டாயா? நடித்துக் காட்டச் சொன்னாய்.

துரத்துபவர்களும் நாயும் வருவார்கள் என்று நீ நினைத்தாய். வந்தது நெல்லுச் சாக்கு. கண்ணுக்கு மட்டும் ஓட்டை. சித்தாண்டி சுதா அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது ஆரு?"

"தலையாட்டி, டீச்சர்."

"அமெரிக்காவில தலையாட்டி இல்லடி."

"அப்ப எப்புடி டீச்சர் ஆள்களப் புடிப்பாங்க?"

பிள்ளைகள் கண்ட ஆமிச் சுற்றிவளைப்பு எல்லாவற்றிலும், முகம் மறைத்த ஆளோடு அப்படி ஒரு சாக்கு உட்கார்ந்திருந்தது. வரிசையில் வருபவரைப் பார்த்து அது தலையாட்டினால் அவர் கதை முடிந்தது. நீ புத்தகத்தைப் புரட்டினாய்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரோந்து வந்த ஆமிக்காரர் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி உள்ளே வந்தார். சாக்கைக் கண்டார். முகம் கறுத்தது. "இந்தப் பிள்ளை எங்களோட வரணும். விசாரணை" என்றார் உடைந்த தமிழில். அப்படி விசாரணைக்குப் போனவர்களை நம் ஊர்த் தாய்மார் அப்போதும் தேடித் திரிந்தார்கள். சித்தாண்டியில் பஸ் ஏறினால் கிரானில் இறங்கும்வரை வாய் ஓயாத நான், "ஓம் சேர்" என்று மட்டும் சொல்லி ஒதுங்கினேன்.

நீயோ கதிரையொன்றை இழுத்துப் போட்டாய். "இருங்க சேர். பாடம் முடியல்ல. பாத்துட்டுச் சொல்லுங்க."

ஆமி சுடுவதற்குள் நானே உன் கழுத்தை நெரித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அந்த மனிதர் உட்கார்ந்தே விட்டார்! தப்பியோடும் அடிமைகள் மூன்று பேர் கண்ணை நிலத்திலிருந்து எடுக்காமல் வரிசையில் வந்தார்கள். அப்படி ஒரு நடிப்பை நான் பிறகு எந்த மேடையிலும் பார்க்கவில்லை. முதல் ஆள் சாக்குக்கு முன்னால் நின்றாள். தலை ஆடவில்லை. அடுத்தவன் நின்றான். ஆடவில்லை. மூன்றாவது ஆளுக்கும் ஆடவில்லை. அதிகாரி காத்திருந்தார். சாக்குக்குள்ளிருந்து விம்மல் மட்டும் கேட்டது.

அவர் எழுந்து போய்ச் சாக்கைத் தன் கையாலேயே தூக்கினார். வேர்வையும் கண்ணீருமாக ஒரு சின்ன முகம். "இனி இது வேணாம்" என்று சொல்லி, சாக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் படலை தாண்டியதும் என் வாய் திரும்பி வந்தது. "உனக்கு விசராகா? அந்தப் புள்ளையக் கொண்டு போயிருந்தா?" நீ பிள்ளைகள் பக்கம் திரும்பினாய். "இன்னும் ஆத்தக் கடக்கல்ல. அக்கரை ஏறினாத்தான் விடுதலை. எழும்புங்க."

வாங்குகளை விலக்கி நடுவில் ஆறு விட்டார்கள். சுதா முன்னால் இறங்கினாள். பின்னால் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நீ.

இப்போது அந்தப் பாடம் என் தலையில் விழுந்திருக்கிறது, உன் புண்ணியத்தில். ஆறு வரும் இடத்தில், பழைய பயத்தில், முதலில் வாசலைப் பார்க்கிறேன். ஒருவரும் இல்லை. பிறகு இந்த முழங்கால் நோவோடு சேலையைத் தூக்கிக்கொண்டு வாங்குகளுக்கு நடுவே இறங்குகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மணி அடித்தாலும், கடைசிப் பிள்ளை அக்கரை ஏறும்வரை நான் வகுப்பை விடுவதில்லை.