ஆறாவது குழியில் எருக்கு

சிரஞ்சீவி கிரீஷுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. முழங்காலைத் தவிர நான் சௌக்கியம். அந்தக் குளிரில் நீயும் ஸ்நேஹாவும் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியிலேயே என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், அதனால்தான் காகிதம்.

நீ வாங்கி அனுப்பிய மண்ணில்லாத் தோட்டப் பெட்டி ஹாலில் நாடகக் கொட்டகை மாதிரி ஊதா வெளிச்சம் போட்டுக்கொண்டிருக்கிறது. கூட வந்த வெளிநாட்டுக் கீரை விதை ஒன்றும் முளைக்கவில்லை, போகட்டும் என்று அஞ்சறைப்பெட்டியிலிருந்து கொத்தமல்லி, வெந்தயம், கடுகு, தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் வாங்கிய தண்டுக்கீரை விதை, ஒரு தக்காளியைப் பிழிந்து அதன் விதை என்று ஐந்து குழியில் போட்டேன். பிளஸ் டூ பெண்களுக்குத் தாவரவியல் நடத்தியவள் இல்லையா, ஒப்பிட்டுப் பார்க்க ஆறாவது குழியில் விதை போடாமல் வெறும் பஞ்சை வைத்தேன். முதலில் முளைத்தது அதுதான். தடித்த, சாம்பல் பூத்த இலை, கிள்ளினால் பால் வருகிறது. சாட்சாத் எருக்கு. விதை காற்றில் பறந்து வந்திருக்கும் என்று பிடுங்கிப் போட்டு, ஜன்னலைச் சாத்தி, பஞ்சை மாற்றி, தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றினேன். அதே குழியில் மறுபடி எருக்கு. மூடியைத் தூக்கினால் அதன் வேர் தொட்டி முழுக்க ஓடி மற்ற வேர்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, வெந்தயம் அழுகியே போய்விட்டது. பயமாக இருக்கிறது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் பயமாகத்தான் இருக்கிறது. ஆளில்லாத வீட்டில்தான் எருக்கு முளைக்கும் என்பார்கள். இந்த மயிலாப்பூரில் இரண்டு பேர் சண்டை போட்டால் கடைசிச் சாபமே ‘உன் ஆத்துல எருக்கு முளைக்க’ என்பதுதான்.

இடித்துக் கட்டுவதற்காக எல்லோரும் காலி செய்து, கடைசியாக மேல்மாடி ஸ்ரீவத்சனும் அசோக் நகர் போனபின் இந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான். எருக்கு வந்ததிலிருந்து மனுஷர்களும் ஒரு தினுசாக நடக்கிறார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், கேஸ்காரன் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று செய்தி அனுப்புகிறான். பால் பாக்கெட் நின்றுவிட்டது. தபால் எடுக்க வந்த ஸ்ரீவத்சன் வாசலில் நின்று உள்ளே பார்த்தார். நான் சோபாவிலிருந்து கூப்பிட்டேன். அவரோ ‘அடடா, பூட்டாமலே கிளம்பிட்டா போலிருக்கே’ என்று சொல்லிக்கொண்டே கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டுப் போனார். அவருக்குக் கண்புரை, காதும் மந்தம் என்று சொல்லித் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் எழுந்துபோய்க் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

வாட்ச்மேன் மாசிலாமணிதான் நேற்றுச் சாயங்காலம் ஊதா வெளிச்சத்தைப் பார்த்து மேலே வந்தான். ‘இன்னா மாமி, நீ இங்கயா கீற? வூடு காலின்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்களே, மாசக் கடைசில கரண்டு புடுங்கப் போறாங்க’ என்றான். பில்டர் ஆபீசுக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் மெயிலைப் பார்த்து, ‘உங்க சன் கிரீஷ் சார்தான் மேடம் எழுதியிருக்காரு, அம்மா கிளம்பிட்டாங்க, வீடு காலின்னு’ என்றாள். எழுதிய தேதியைக் கேட்டேன். நான் வெறும் பஞ்சை வைத்த அன்றைக்குத்தான்.

கோபமில்லை. கோயம்புத்தூரில் நீ பார்த்துவைத்த முதியோர் இல்லம் நல்லதாகவே இருக்கும், வேறு வழியில்லை என்றால் அம்மா கிளம்புவாள் என்று நினைத்திருப்பாய். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நான் இல்லை என்று எழுதிவிட்டாயே கண்ணா. அதை முதலில் நம்பியது அந்தச் செடிதான்.

நீயும் ஸ்நேஹாவும் தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. மாசிலாமணி இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவான். பார்த்த உடனே, அம்மா இருக்கிறாள் என்று பில்டர் ஆபீசுக்கு ஒரு வரி எழுது. அவர்களுக்கு எழுத மனமில்லாவிட்டால் எனக்காவது எழுது.

இருக்கிற உன் அம்மா,
ஜெயலக்ஷ்மி