பெண்கள் அறையின் இரும்புக் கதவு

ஜூன் 3, 1968. திங்கள்.
காலையிலேயே புழுக்கம். வழியில் பஸ் டயர் பஞ்சர். தருமபுரி படைவீரர் நல ஆபீஸில் பதினொன்றரை.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் முன்னாள் படைவீரர் மகளுக்கு ஓர் இடம். வெள்ளிக்குள் நான் படையில் இருந்த சான்று வேண்டும்; இல்லையேல் மகள் வசந்தா வீட்டோடு. குமாஸ்தா என் கப்பலின் பெயரைப் பட்டியலில் தேடினான்.

"இது பேசஞ்சர் ஸ்டீமருங்க. நேவி லிஸ்ட்ல இல்ல. டிக்கெட் கிழிச்சீங்களா?"

பக்கத்து மேசையில் சிரிப்பு. கழிமுகத்தில் ஆள் ஏற்றிய கப்பல்தான். யுத்தத்தில் பீரங்கி பொருத்தி, சாம்பல் பெயின்ட் அடித்து, கண்ணிவெடி தேட அனுப்பினார்கள். எனக்குக் குண்டுக் கிடங்குப் பொறுப்பு. கிடங்கு, பழைய 'பெண்கள் மட்டும்' அறை. பலகையை யாரும் கழற்றவில்லை. இதைச் சொல்லவில்லை. இன்னும் சிரித்திருப்பான்.

"கூட இருந்தவரு யாராவது, இன்ன வேலைல பாத்தேன்னு எழுதிக் குடுத்தா போதுங்க."

இந்த ஜில்லாவில் ஒருவன்தான். அந்தோணி, கம்பைநல்லூர். போக மாட்டேன்.

ஜூன் 4. செவ்வாய்.
வெயில். துவரம்பருப்பு, சோப்பு வாங்கியது. வசந்தா டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறாள்.

மனைவி: "அந்தாளு மூஞ்சில முழிக்கோணும்னு பொண்ண வூட்டோட வெச்சுக்கறீங்களா?"

1943. மேல்தளத்தில் தீ. கிடங்கை மூட உத்தரவு. இரும்புக் கதவை வெளியே தாழிட்டவன் அந்தோணி. மேல்தளத்து ஆள், கீழே வந்தது அந்த ஒரு தடவைதான். உள்ளே நான். இருபது நிமிடம், குண்டுகளோடு. கத்தினேன். விசாரணையில் சொன்னான்: உள்ளே ஆள் இருந்தது தெரியாது. நம்பினார்கள்.

இன்றுவரை கதவைத் தாழிட்டுக் குளிப்பதில்லை.

ஜூன் 6. வியாழன்.
தூறல். கம்பைநல்லூர். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரை.

"வாங்கண்ணா. மோர் குடிங்க."

"வேண்டாம். கப்பல்ல நான் வேலை செஞ்சதப் பாத்தேன்னு எழுது."

"நீங்க வேலைல இருந்தத நான் பாத்தது ஒரே நாளுங்க."

காகிதத்தை நீட்டினேன். மெதுவாக எழுதி, வாய்விட்டுப் படித்தான்: 'கதவை மூடும்போது உள்ளே இருந்தார். பார்த்தேன்.'

"உத்தரவுங்கண்ணா. தொறந்திருந்தா கப்பலே போயிருக்கும்."

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"உங்க மூஞ்சியப் பாத்துட்டு எப்படிங்க சொல்றது?"

மோர் குடிக்கவில்லை.

ஜூன் 7. வெள்ளி.
மேகமூட்டம். குமாஸ்தா கடிதத்தைப் படிக்கவே இல்லை. கையெழுத்தை மட்டும் பார்த்தான். முத்திரை. சான்று கையில். வசந்தாவுக்கு இடம் உறுதி.

கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன்.

"அது ஃபைலோட இருக்கோணுங்க. உங்களுக்கு எதுக்கு?"

இருபத்தைந்து வருடமாக நான் எதிர்பார்த்த ஒரே வரி அதில்தான். இரும்பு அலமாரியில் போட்டு, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டீ குடிக்கப் போனான்.