புள்ளி வச்ச நாசில்

டிச. 12, வெள்ளி

மழை நிக்கல. கோழி ஷெட்டுக்குள்ள ஈரக்காத்து. ஹீட்டர் காலையிலிருந்து மஞ்சளா எரியுது, புகைக்குழாய் பூரா கரி. குஞ்சுங்க ஒரு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு ஒரே கத்தல். பொறிச்சு அஞ்சு நாள்தான். இந்த வயசுல சூடு இல்லன்னா முடிஞ்சுது.

அம்மா: "கம்பெனியில அவ்ளோ பெரிய பர்னரப் பாக்கற. ஊட்ல இத்துனூண்டு அடுப்பு எரிய மாட்டேங்குது."

அடுப்பு இல்ல. டீசல் ஹீட்டர். நானே கட்டினது. எத்தனை தடவ சொல்றது.

ஃபில்டர் கழுவினேன். டேங்க் அடியில தண்ணி இல்ல. பம்ப் பிரஷர் சரி. காத்து கொஞ்சம் கூட்டி வச்சேன். கொஞ்ச நேரம் பரவால்ல, திரும்ப மஞ்சள்.

டீசல் வாங்கியாந்தது கூட வேலை செய்யற டில்லி. போன் போட்டு, "இன்னாடா கலந்த?"

"பங்க்காரன் சட்டையப் புடிடா. என்ன எதுக்குப் புடிக்கற?" வச்சிட்டான்.

13, சனி

காலையில ஒரு முறம் நிறைய செத்த குஞ்சு. அம்மாதான் பின்பக்கம் குழி வெட்டுச்சு.

மிச்சத்துக்கு சாக்கு கட்டி, பல்பு தொங்க விட்டேன். கரண்ட் இருக்கற வரைக்கும்.

லீவு. டீசலத் தூவற நாசிலக் கழட்டினேன். ஓட்டை பெருசா, கோணலா. எவனோ ஊசி வுட்டுக் குடைஞ்சிருக்கான். டீசல் தூவாம சொட்டுது, எப்படி எரியும்? அடைச்சா டீசல்ல ஊற வச்சு காத்து ஊதணும். ஊசி வைக்கவே கூடாது. நானா வைப்பேன்?

அப்புறம்தான் கவனிச்சேன். என் நாசில் தலையில அடையாளத்துக்கு ஒரு புள்ளி பஞ்ச் அடிச்சிருந்தேன். இதுல புள்ளி இல்ல.

இது என்னுதே இல்ல.

டில்லிக்கு சாரி அனுப்பினேன். பதிலுக்கு ரெண்டு கெட்ட வார்த்தை. நியாயம்.

14, ஞாயிறு

கவரைப்பேட்டை, அண்ணன் ஊடு. தனிக்குடித்தனம் போனதுலேர்ந்து அவனும் குஞ்சு வளக்கறான். அவன் ஹீட்டரும் நான் கட்டினதுதான். ஊசி வுடாதன்னு தலையில அடிச்சுக்கினு சொன்னது அவன்கிட்டதான்.

ஷெட்டு கதகதன்னு இருந்துச்சு. நீலத் தீ. குஞ்சுங்க பரவி மேஞ்சுக்கினு. அணைச்சுக் கழட்டினேன். புள்ளி.

"எப்ப வந்து மாத்தின?"

"நீ ஷிஃப்ட்ல இருந்தடா. அம்மாதான் கூப்ட்டுச்சு. ஸ்பேனர எடுத்துக் குடுத்ததே அதுதான்."

அண்ணி காபி நீட்டினாங்க. வாங்கல. கையில நாசிலோட நின்னேன். அதுக்குள்ள அவன் குஞ்சுங்க சத்தம் மாறுச்சு. திரும்ப மாட்டிட்டு வந்துட்டேன்.

ஊட்ல அம்மா வெங்காயம் உரிச்சுக்கினு, நிமிரல.

"அவனுது கெட்டுப்போச்சுன்னு அழுதான். உனக்கு வேலை தெரியும் நைனா, எப்டினா சரி பண்ணிப்ப. அவனுக்கு இன்னா தெரியும்?"

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா குடுத்திருப்பியா?"

குடுத்திருக்க மாட்டேன். அதுக்கு? நான் பைத்தியம் மாதிரி ஃபில்டரக் கழுவிக்கினு இருந்தப்ப, பக்கத்துல நின்னு டார்ச் புடிச்சது யாரு?

15, திங்கள்

பாரிஸ் கடைத்தெரு போய் புது நாசில். ரயில்ல ஏறி இறங்கற வரைக்கும் நின்னுக்கினேதான். மாட்டினேன். நீலம். மிச்சம் இருக்கற குஞ்சுங்க மூலைய விட்டு வருதுங்க.

ஸ்பேனர் பொட்டிக்குப் பூட்டு.

அம்மா வந்து வெறும் கவர ஆட்டிப் பாத்துச்சு.

"ஒண்ணுதான் வாங்கினு வந்தியா? அவன் மறுபடியும் ஊசி வுட்டான்னா?"