ஒஸ்ரின் காருக்கு நீ அனுப்பின சாமான்

முரசுமோட்டை,
20-1-63

அன்பு மகன் மயில்வாகனத்துக்கு அம்மா எழுதுறது. இஞ்சை அப்பா, தங்கச்சி, நான் மூண்டு பேரும் உடம்பளவிலை சுகமாய் இருக்கிறம், நீயும் உங்கை நோய் நொடியில்லாமல் இருக்கவேணுமெண்டு கந்தசுவாமியாரை நேந்துகொண்டிருக்கிறன். லண்டனிலை இந்தமுறை பனி பொல்லாததாம் எண்டு ரேடியோவிலை சொன்னவங்கள், காதை மூடிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போ, பச்சைத் தண்ணியிலை தலை முழுகாதை. சிவலை மாடு நாகுகண்டு போட்டிருக்கு. குளத்துத் தண்ணி குறைவில்லாமல் வந்தது, நெல்லு பால் பிடிச்சு நிக்குது. இதுகளை எழுதாட்டி நீ ஏங்கிப்போவாய் எண்டுதான் முதலிலை எழுதினனான், இனி எழுதப்போறது வேறை கதை. ஆறுதலாய் இருந்து வாசி. இந்தக் கடிதம் எழுதுறது அப்பாவுக்குத் தெரியாது, நானே தபால்கந்தோருக்குக் கொண்டுபோய்ப் போடப்போறன்.

விஷயத்தை முதலே சொல்லிப்போடுறன். உன்ரை பரமலிங்க மாமாவைக் கள்ளன் எண்டு அப்பா பொலிசிலை எழுதிக் குடுக்கப்போறார். தங்கச்சிக்கும் மாமாவின்ரை மூத்தவனுக்கும் வைகாசியிலை வைச்ச கலியாணமும் இல்லையாம். தைப்பூசம் முடியுமட்டும் பொறுங்கோ எண்டு காலிலை விழாத குறையாய் மறிச்சு வைச்சிருக்கிறன். எல்லாம் நீ அனுப்பின கார்ச் சாமானாலை வந்த வினை.

பெட்டி கார்த்திகைக் கடைசியிலை வந்து சேந்தது. அப்பா ஓவசியராய் இருக்கேக்கை ஆசைப்பட்டு வாங்கின ஒஸ்ரின், மகளின்ரை கலியாணத்துக்கு மாப்பிளை அதிலைதான் வந்து இறங்கவேணும் எண்டு அவர் ஒற்றைக்காலிலை நிண்டதும், பழைய கார்களுக்கு முந்தின மாதிரியிலேயே சீற் உறை, கதவின்ரை உள்பக்கத்துப் பலகை, கூரைச் சீலை எல்லாம் புதுசாய்ச் செய்து தாற இடம் உங்கை இருக்கு, காரின்ரை நம்பரும் வருஷமும் சொன்னால் காணும் எண்டு நீ எழுதினதும் உனக்குத் தெரியும். பெட்டியைக் கண்ட நேரம் அந்த மனுசன் குழந்தைப்பிள்ளை மாதிரித் துள்ளினார். ஆனால் பிரிக்க விடேல்லை. மார்கழி பிறக்கப்போகுது, புதுச் சாமானிலை கைவைக்கிறேல்லை எண்டு சாமியறையிலை வைச்சுப் பூட்டிப்போட்டார். முல்லைத்தீவிலையிருந்து குஷன் வேலைக்கு வந்த ஹலீம் நானா, மணியான வேலைகாரன், பழசைக் கழற்ற முதல் புதுசை வைச்சு ஒருக்கால் அளந்து பாப்பம் ஐயா எண்டு தலைகீழாய் நிண்டு சொல்லிப்பாத்தவர். அப்பா கேட்டாரே? பழசைக் கழிக்கிறதுக்கு மார்கழி பறவாயில்லையாம், புதுசு தையிலைதானாம். கழற்றின பழைய பலகையளை வேலிக்கரையிலை எறிஞ்சு, ஒரு மாசத்திலை கறையான் திண்டு முடிச்சுப்போட்டுது.

பொங்கலுக்கு அடுத்தநாள் காலமை கற்பூரம் கொளுத்திப் பெட்டியைப் பிரிச்சம். சீற் உறை நாலு பேர் இழுத்துப் பிடிச்சு ஒருமாதிரிப் போட்டாச்சு. அதே கடுஞ்சிவப்பு, அதே தையல். அப்பாவுக்குக் கண் கலங்கிப்போச்சு. வெள்ள வருஷம் நாங்கள் இஞ்சை காடு வெட்டிக் குடியேறேக்கை காரை நிறுத்த இடமில்லாமல் வவுனியாவிலை மாமா வீட்டிலை விட்டது ஞாபகம் இருக்குமே, திரும்பி வரேக்கை தோல் சீற் எல்லாம் ரெக்சின் சீற்றாய் மாறி வந்தது, எலி கடிச்சுப்போட்டுது அத்தான் எண்டு மாமா சொன்னவர், அப்பாவும் நம்பினவர். எலியாம் எலி! அந்தச் சீற் மகனாலை திரும்பி வந்திட்டுது எண்டு அண்டைக்கு அப்பா போறவாற எல்லாருக்கும் சொன்னார்.

பிறகு கதவுப் பலகையை வைச்சால் பொருந்தேல்லை. கண்ணாடி சுத்துற பிடிக்கு விட்ட ஓட்டை நாலு விரற்கடை மேலை நிக்குது, கைபிடி ஓட்டை வேறை பக்கம், கீழ் விளிம்பு வெளியிலை தள்ளிக்கொண்டு நிக்குது. நாலு கதவும் அப்பிடித்தான். உன்னை ஒரு சொல்லுச் சொல்லேல்லை அப்பா. வெள்ளைக்காரன் பிழையாய் வெட்டிப்போட்டான், பிள்ளை என்ன செய்வான் எண்டார். நல்ல நேரத்திலை தடங்கலாய்ப் போச்சே, கலியாணத்துக்குச் சகுனமோ எண்டு நான்தான் பயந்தன். ஹலீம் நானா கதவின்ரை அடிப்பக்கத்தைக் கத்தியாலை சுரண்டிப் பாத்தார். கறுப்புப் பெயின்ருக்குக் கீழை பச்சை. எங்கட கார் பிறந்ததிலையிருந்தே கறுப்பு. பச்சையாய் இருந்து பிறகு கறுப்படிச்சது மாமாவின்ரை வாடகைக் கார், அதுவும் ஒஸ்ரின்தான், ரண்டு வருஷம் பிந்தினது. அதுக்கு முந்திக் குஷன் அடிச்சதும் ஹலீம் நானாதான். ஐயா, குறை விளங்காதையுங்கோ, இது உங்கட கதவில்லை எண்டு மெள்ளச் சொன்னவர்.

வியாழக்கிழமை ஒரு பலகையை என்ரை சீலையிலை சுத்திக்கொண்டு அப்பாவும் நானும் ஹலீம் நானாவும் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனம். மாமாவின்ரை கார் முத்தத்திலை நிண்டது. மாமா வாங்கோ அத்தான் எண்டு வர, அப்பா நேரை காரடிக்குப் போய், கழற்றுங்கோ நானா எண்டார். ஹலீம் நானா பிடியளைக் கழற்றி, பழைய பலகையை எடுத்துப்போட்டுப் புதுசை வைச்சார். ஐயோ மகன், அதுக்கெண்டே அளவெடுத்த மாதிரிப் போய் இருந்திட்டுது, ஒரு ஓட்டை கூட விலகேல்லை. மாமா பாத்துக்கொண்டு நிண்டவர். மறிக்கேல்லை. அப்பா கேட்ட உடனை, ஓம் அத்தான், சீற்றும் கதவும் நான்தான் மாத்தினனான் எண்டார். ஏன் எண்டு கேக்க வாய் திறக்கேல்லை. அயல் அட்டை எல்லாம் வேலிக்கு மேலாலை எட்டிப் பாக்க, கள்ளா, கூடப்பிறந்தவளின்ரை வீட்டிலையே கைவைச்சியே எண்டு அப்பா கத்தினார். நானும் சும்மா இருக்கேல்லை. நான் இடுப்பிலை தூக்கி வளத்த தம்பி, அவன்ரை முகத்துக்கு நேரை, நீ என்ரை சகோதரமில்லை எண்டு சொல்லிப்போட்டன். அந்தச் சொல்லை இப்ப நான் எப்பிடி விழுங்கிறது?

அப்பா தண்ணி கூடக் குடிக்காமல் வெளிக்கிட்டு றோட்டுக்குப் போட்டார். நான் முகம் கழுவக் கிணத்தடிக்குப் போக, லட்சுமி மாமி என்னைக் குசினிக்குள்ளை இழுத்துக்கொண்டு போய் அழுதா. மச்சாள், அவர் செத்தாலும் சொல்லமாட்டார், என்னையும் சத்தியம் பண்ணுவிச்சவர், ஆனால் அவரைக் கள்ளன் எண்டு கேட்டுக்கொண்டு என்னாலை இருக்கேலாது எண்டு எல்லாத்தையும் சொன்னா. வெள்ளத்துக்குள்ளை, அங்கை நிண்டு படிச்ச நீதானாம் மாமாவைக் கேளாமல் அவற்றை வாடகைக் காரை எடுத்துக்கொண்டு போனது. போகாதை எண்டு மறிச்ச மதகடியிலை இறக்கி, கார் ரண்டு நாள் தண்ணிக்குள்ளை கிடந்ததாம். மாமாவின்ரை பிழைப்பே அந்தக் காரிலை. சீற் எல்லாம் ஊறி அழுகிப்போச்சுதாம், கதவும் உக்கிப்போச்சுதாம். அப்பாவுக்குத் தெரிஞ்சால் படிப்பை நிப்பாட்டிப்போடுவார், சொல்லாதையுங்கோ மாமா எண்டு காலைக் கட்டிக்கொண்டு அழுதியாம். எங்கட சீற்றைக் கழற்றி உங்கட காருக்குப் போடுங்கோ, அப்பாவுக்கு எலி கடிச்சதெண்டு சொல்லுவம் எண்டு வழி சொன்னதும் நீயாம். கதவு மாத்தேக்கை நீ சோதினைக்கு யாழ்ப்பாணம் போட்டாய், அது உனக்குத் தெரியாதாம்.

நான் நம்பேல்லை. என்ரை பிள்ளை அப்பிடிச் செய்யான் எண்டு மாமியை ஏசினனான். அவா அலுமாரியைத் திறந்து போன ஆவணியிலை நீ மாமாவுக்கு எழுதின கடிதத்தைக் கையிலை தந்தா. மாமா, புதுச் சாமான் அனுப்புறன், அதைப் போட்டிட்டால் பழைய கதை ஒருத்தருக்கும் தெரியவராது எண்டு உன்ரை குண்டுமணி எழுத்திலை கிடக்குது. மாமாவுக்கு அப்பிடி எழுதின அதே கையாலை எங்களுக்கு, அப்பாவின்ரை ஆசைக்காகத் தேடித் திரிஞ்சு எடுத்தனான் எண்டு எழுதியிருக்கிறாய். எனக்கு வயிறு பத்தி எரியுது மகன். வெள்ளத்திலை காரை விட்டதுக்கில்லை, பத்தொன்பது வயசிலை ஆர்தான் குழப்படி செய்யேல்லை. அந்தப் பெட்டியைச் சாமியறையிலை வைச்சு ஒரு மாசம் விளக்குக் கொளுத்தினனே, அதுக்குத்தான் எரியுது. எங்களை ஏமாத்துறதுக்கு அனுப்பின சாமானுக்கு நான் பூ வைச்சனான்.

இப்ப அப்பா பின்னேரத்திலை அந்தச் சிவப்புச் சீற்றிலை போய் இருக்கிறார். கதவுக்குப் பலகையுமில்லை, தகடு தெரியுது. றோட்டாலை போறவையைக் கூப்பிட்டு, உடன்பிறந்ததுகளை நம்பாதையுங்கோ, பெத்தால் என்ரை மகனைப்போல ஒண்டைப் பெறுங்கோ எண்டு சொல்லுறார். நான் குசினிக்குள்ளை நிண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறன். தங்கச்சி ரண்டு நாளாய்ச் சோறு தொடேல்லை, அவளுக்கு ஒண்டும் சொல்லேல்லை. மாமா உன்னைக் காட்டிக்குடுக்காமல் கள்ளன் பேரை வாங்கிக்கொண்டு இருக்கிறார். நான் அப்பாவுக்குச் சொல்லலாம், சொன்னால் நம்பமாட்டார், தம்பியைக் காப்பாத்தப் பிள்ளையிலை பழி போடுறாய் எண்டுதான் சொல்லுவார். உன்னிலை அவ்வளவு நம்பிக்கை. நீதான் எழுதவேணும், உள்ளதை உள்ளபடி எழுதவேணும், தைப்பூசத்துக்கு முதல் வரத்தக்கதாய் எயார் மெயிலிலை உடனை போடு.

பனிக்குள்ளை திரியாமல் உடம்பைப் பாத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. கந்தசுவாமியார் உனக்கு நல்ல புத்தியையும் துணிவையும் தரட்டும், எவ்வளவு ஆத்திரமெண்டாலும் பெத்த வாயாலை வேறை சொல்ல வருகுதில்லை. கடிதத்தை அப்பாவின்ரை பேருக்கு எழுது. என்ரை பேருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினியோ, நான் உடைக்காமல் திருப்பி அனுப்புவன்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்த அம்மா
அன்னபாக்கியம்